பட்டன் பாக்கி இருக்கு, டயருக்கு வயசு ஒன்பது தாண்டிடுச்சு: மாத்தியே ஆகணுமா?

ஞாயிறுசவாரி:

150 சிசி வண்டி. ஒன்பது வருஷத்துக்கு மேல ஆகியும் ஓடினது வெறும் 14,000 கி.மீ. ரெண்டு டயரும் வண்டியோட வந்ததுதான். முன்னாடி 80/100-17, டியூப் போட்டது. பின்னாடி 100/90-17, டியூப்லெஸ். பின் டயர்ல ஒரு நீள்வட்டத்துக்குள்ள 3116-ன்னு இருக்கு. பட்டன் (தரையைத் தொடற ரப்பர் வரிக்கட்டை) உயரம் முன்னாடி 3 மி.மீ., பின்னாடி நடுவுல 2 மி.மீ., ஓரங்கள்ல புதுசு மாதிரியே இருக்கு. சைடுவால்ல, அதாவது டயரோட பக்கச்சுவர்ல மட்டும் மயிரிழை மாதிரி வெடிப்பு. கட்டைவிரலால அழுத்தினா தெரியுது, விட்டா மறையுது.

ஒரு மெக்கானிக் ரப்பருக்குள்ள இருக்கற நூல் தெரியற வரைக்கும் ஓட்டலாம்கிறார். இன்னொருத்தர் இன்னைக்கே கழட்டுங்கறார். ரெண்டு பேருமே காரணம் சொல்லல. பட்டன் இவ்வளவு இருக்கும்போது வயசு என்ன பண்ணிடும்? மாத்தறதுன்னா ரெண்டையுமா, ஒண்ணு போதுமா?

---

ரப்பர்மணி:

முதலில் அந்த எண். 3116 என்றால் 2016-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் வார்த்த டயர். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இந்த நான்கு இலக்கம் இருக்கும். முன் டயரில் காணோம் என்றால் மறுபக்கம் ரிம்மை ஒட்டிப் பாருங்கள். 2000-க்கு முன் வந்த டயர்களில் மூன்றே இலக்கம். அப்படி ஒன்று எந்த வண்டியிலாவது கண்ணில் பட்டால் வேறு சோதனையே தேவையில்லை, கழற்றிவிடலாம்.

பட்டன் ஆழம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். மிச்சம் இருக்கிற ரப்பர் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிற்கிற வண்டியின் டயருக்கும் வயதாகிறது, அது மூன்று வழியில் நடக்கிறது.

ஒன்று, இறுக்கம். பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையில் முடிச்சுகள் விழும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். டயர் வார்ப்பு அச்சை விட்டு வெளியே வந்ததும் இது முழுசாக நின்றுவிடுவதில்லை. வெயிலிலும் ஓட்டச் சூட்டிலும் மெதுவாகத் தொடரும். அதன் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் தன் பங்குக்குப் புது முடிச்சுகளைப் போடும். முடிச்சு கூடக் கூட ரப்பர் விறைக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேலை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் நடக்கும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. வெயிலில் நிற்கும் வண்டியும் நிழலில் நிற்கும் வண்டியும் ஒரே வயதில் ஒரே நிலையில் இருக்காது.

இரண்டாவது, ரப்பரை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் வருடக்கணக்கில் வெளியேறிவிடும்.

மூன்றாவது ஓசோன். நீங்கள் பார்த்த மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் இதன் வேலை. காற்றில் இருக்கும் கொஞ்சூண்டு ஓசோனே போதும், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். இதைத் தடுக்க டயரில் மெழுகும் ஓசோன் எதிர்ப்பு மருந்தும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேலே கசிந்து ஒரு மெல்லிய போர்வையாகப் படியும். ஓடாத வண்டியில் அந்தப் போர்வை சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால்தான் இரண்டு வருடத்தில் 14,000 ஓடிய டயரை விட ஒன்பது வருடத்தில் 14,000 ஓடிய டயர் மோசம். "கம்மியாத்தான் ஓட்டியிருக்கு" என்பது இங்கே நல்ல சான்றிதழ் இல்லை.

இப்போது பிடிமானம். ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு விதமாக. ஒன்று, தார்ப்பரப்பில் ஒட்டுவது. இன்னொன்று, ஜல்லியின் பொடிப் பொடி மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி, உடனே திரும்பிவிடாமல் அங்கே கொஞ்சம் தாமதிப்பது. ஈரத்தில் தண்ணீர் நடுவில் புகுந்து ஒட்டுதலைக் குறைத்துவிடும். மிஞ்சுவது அந்த அமுங்கல்தான். விறைத்த ரப்பர் அமுங்காது, மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு போகும். காய்ந்த சாலையில் இந்தக் குறை ஒளிந்திருக்கும். மழைக்கு முதல் நாள் வரை எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும்.

கடைசியாக, "ஓரங்கள்ல புதுசு மாதிரியே இருக்கு" என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். நேராக ஓடும்போது நடுப்பகுதி தேய்ந்து தேய்ந்து உள்ளிருக்கும் ரப்பர் வெளியே வருகிறது. ஓரம் சாலையைத் தொடவே இல்லை, அதனால் 2016-இல் வெயில் பட்ட அதே தோல் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. டயரிலேயே கெட்டியான இடம் அதுதான். அந்த இடத்தை நம்பி வண்டியை எப்போது சாய்ப்பீர்கள்? வளைவில், அல்லது திடீரென்று எதையாவது தவிர்க்க ஒடிக்கும்போது.

---

தேய்மானக்கணக்கு:

மணி சார் சொன்ன வேதியியல் சரிதான். ஆனா தேதியை மட்டும் பார்த்துத் தூக்கிப் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆறு வயசு டயர் நிழல்ல, சரியான காத்தோட, வாரம் தவறாம ஓடியிருந்தா நல்லாவே இருக்கலாம். மூணு வயசு டயர் காத்துக் குறைவா வெயில்ல நின்னு கெட்டுப் போயிருக்கலாம். டயர் கம்பெனி மிஷெலின் சொல்றதே இப்படித்தான்: அஞ்சு வருஷம் பயன்படுத்தின பிறகு வருஷத்துக்கு ஒரு முறை விவரம் தெரிஞ்சவர்கிட்ட காட்டணும், செய்த தேதியிலிருந்து பத்து வருஷம் ஆயிட்டா பார்க்க நல்லா இருந்தாலும் மாத்திடணும். ஆக, அஞ்சுக்கும் பத்துக்கும் நடுவுல சோதனைதான் முடிவு சொல்லணும், காலண்டர் இல்ல.

---

ரப்பர்மணி:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பத்து என்பது கடைசி எல்லை, அதுவரைக்கும் உத்தரவாதம் என்று யாரும் எழுதித் தரவில்லை. காரில் ஒரு டயர் வழுக்கினால் மூன்று மிச்சம் இருக்கும். இங்கே இரண்டே இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான் தரையைத் தொடுகிறது. அதனால் இரு சக்கர வண்டிக்கு நான் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்வேன். நீங்கள் சொன்ன சோதனையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு என்பதும் ஒரு காரணம்.

---

தேய்மானக்கணக்கு:

சரி, அந்தச் சோதனையையே எழுதிடறேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டுல போடுங்க. டார்ச்சைப் பக்கவாட்டில சாய்ச்சுப் பிடிச்சாத்தான் வெடிப்பு நிழல் விட்டுத் தெரியும், நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. சக்கரத்தை மெதுவாச் சுத்தி மூணு இடம் பாருங்க: சைடுவாலோட நடு, ரிம் விளிம்பை ஒட்டின பகுதி, பட்டனுக்கு நடுவுல இருக்கற பள்ளத்தோட அடி. மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பாரம் ஏறும்போது அங்க ரப்பர் இழுபடும், அதனால வெடிப்பு அங்க ஆழமாப் போகும். சைடுவால்ல தோல்மட்டத்துல இருக்கற வலைக்கோடு ஒரு எச்சரிக்கை. பள்ளத்தோட அடியில நகம் மாட்டற அளவுக்குக் கோடு இருந்தா பேச்சே இல்ல, மாத்தணும். நூல் தெரிஞ்சாலோ, எங்கயாவது புடைச்சிருந்தாலோ அந்த வண்டியைக் கடை வரைக்கும்கூட ஓட்டிட்டுப் போகாதீங்க. புடைப்புன்னா உள்ள நூல் அறுந்திருக்கு, காத்தை வெறும் ரப்பர் தாங்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

சுத்தும்போதே சக்கரம் மேலயும் கீழயும் துள்ளுதான்னு பாருங்க. ரொம்ப நாள் ஒரே இடத்துல காத்துக் குறைவா நின்ன டயர்ல தட்டை விழுந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாயிட்டா விடலாம், சரியாகலன்னா உள்கட்டே வடிவம் மாறிடுச்சு.

நகத்தால குத்திப் பார்க்கற சோதனையை நம்பாதீங்க. காலையில குளிர்ல ஒண்ணு சொல்லும், மத்தியானம் வேற சொல்லும். ரப்பர் கடினத்தை அளக்க ஷோர் ஏ மீட்டர் கிடைக்குது. ஆனா அதுல வர்ற எண்ணைத் தனியா வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். ஒரே டயரோட நடுவுலயும் ஓரத்துலயும் ஒரே வெப்பநிலையில அளந்து வித்தியாசத்தைப் பாருங்க. நடுவும் ஓரமும் வேற வேற கலவையில வர்ற டயரா இருந்தா இதுவும் செல்லாது.

பட்டனுக்கு நடுவுல பள்ளத்துல குறுக்கா ஒரு சின்ன மேடு இருக்கும், சைடுவால்ல முக்கோணமோ அம்போ போட்டு இடத்தைக் காட்டியிருப்பாங்க. இரு சக்கர டயர்ல அதோட உயரம் பொதுவா 0.8 மி.மீ. அது தேய்மானத்துக்கான எல்லை. உங்க டயர் அதைத் தொடவே வாய்ப்பில்ல, வயசு முந்திக்கும்.

---

ஞாயிறுசவாரி:

டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். பின் டயர்ல பள்ளத்தோட அடியிலயும் கோடு இருக்கு, முழுச் சுத்துக்கும். முன் டயர்ல தேதி 2916, சைடுவால்ல மட்டும் வெடிப்பு. அப்ப பின்னாடி மட்டும் இப்போ மாத்திட்டு முன்னாடி அப்புறம் பார்க்கலாமா? இன்னொண்ணு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா மேல் தோல் போய்ப் பிடிப்பு வந்துடும்னும், காத்தை நாலஞ்சு பவுண்டு குறைச்சா மழையில வழுக்காதுன்னும் ஒருத்தர் சொல்றார்.

---

ஆக்சில்நட்:

தம்பி, முன்னாடியைத் தள்ளிப் போடாதீங்க. பின் சக்கரம் வழுக்கினா வண்டி வாலாட்டும், ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்க ஒரு நொடி கிடைக்கும். முன் சக்கரம் வழுக்கினா அந்த நொடி கிடையாது, ஹேண்டில் மடங்கிக் கீழ படுத்துடும். பிரேக் அடிக்கும்போது பாரத்துல பெரும்பங்கு முன்னாடிதான் வந்து விழும். பொதுவா பின் டயர் சீக்கிரம் தேயும், முன் டயர் ரெண்டு பின் டயரைப் பார்த்துடும். அதனாலதான் பல வண்டியில கிழடு தட்டின டயர் முன்னாடியே இருக்கும். கையில காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா, ரெண்டும் வர்ற வரைக்கும் வண்டியை நிறுத்தி வைங்க. உங்க பின் டயரும் தாங்கற நிலையில இல்ல.

உப்புத்தாள்: மேல்தோல் போகும், கறுப்பாப் பளிச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான். அடியில இருக்கறதும் அதே 2016 ரப்பர். பள்ளத்துல இருக்கற வெடிப்புக்கு அது ஒண்ணும் பண்ணாது.

காத்துக் குறைக்கறது அதை விட மோசம். காத்து குறைஞ்சா சைடுவால் ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா மடங்கும், சூடாகும். வெடிச்ச சைடுவாலை மடக்கி மடக்கி நிமிர்த்தினா என்ன ஆகும்? கம்பியை உடைக்க நாம பண்ற வேலையே அதுதானே. காத்து எவ்வளவுன்னு ஸ்விங் ஆர்ம்லயோ (பின் சக்கரத்தைத் தாங்கற கை) செயின் கவர்லயோ ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கும். டயர்ல அச்சடிச்ச எண் அந்த டயரோட உச்ச அளவு, அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு அளக்கணும்.

டயர் வாங்கும்போது அளவோட பின்னாடி இருக்கறதையும் பாருங்க. 100/90-17 55பி-ன்னா, அகலம் 100 மி.மீ., உயரம் அகலத்துல 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55-ங்கறது பாரக் குறியீடு, 218 கிலோ. பி-ங்கறது வேகக் குறியீடு, மணிக்கு 150 கி.மீ. இந்த ரெண்டும் கம்பெனி போட்டதுக்குக் குறையவே கூடாது, கூடினா பரவாயில்ல. நடுவுல கோடுக்குப் பதிலா ஆர்-னு இருந்தா ரேடியல். உங்க வண்டிக்கு வந்தது ரேடியல் இல்ல. ஒண்ணு ரேடியல், ஒண்ணு சாதாரணம்னு கலந்து போட வேண்டாம். அகலமா இருந்தா அழகா இருக்குன்னு பெரிய அளவைப் பிதுக்கி மாட்டாதீங்க. ரிம் குறுகலா இருந்தா டயரோட வளைவே மாறிடும், செயின் கவர்லயும் உரசும்.

"புது" டயரோட தேதியையும் பாருங்க. இருட்டா, குளிர்ச்சியா, பாரம் இல்லாம நிக்க வச்சிருந்த டயர் மெதுவாத்தான் கிழடாகும், ஒரு வருஷம் பழசுன்னா தாராளமா வாங்கலாம். கண்ணாடிக்குப் பின்னால வெயில்ல தொங்கவிட்டதையோ, மூணு வருஷம் தாண்டினதையோ நான் மாட்ட மாட்டேன்.

---

ஞாயிறுசவாரி:

ரெண்டையும் மாத்தறேன் அண்ணே. கடையில நிக்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்?

---

ஆக்சில்நட்:

முன்னாடி டியூப் இருக்கு, அதையும் புதுசாப் போடச் சொல்லுங்க. பழைய டியூப் டயருக்குள்ளயே விரிஞ்சு நீண்டிருக்கும், புது டயர்ல மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடம் உரசி உரசிக் கிழியும். டியூப் வெடிச்சா காத்து மொத்தமும் ஒரே மூச்சுல ஸ்போக் ஓட்டை வழியா வெளிய போயிடும். ஸ்போக் ரிம்னா உள்ள சுத்தியிருக்கற ரப்பர் பட்டையையும் மாத்துங்க, ஸ்போக் நுனி எதாவது நீட்டிக்கிட்டிருக்கான்னு துணியால தடவிப் பாருங்க, விரலால வேண்டாம். டியூப்புக்குப் பவுடர் தடவி, உருண்டை வடிவம் வர்ற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காத்து விட்டு உள்ள வைக்கணும். முழுசாக் காத்துப் பிடிச்சு, வால்வு முள்ளைக் கழட்டி முழுசா இறக்கி, மறுபடி பிடிக்கணும். அப்பத்தான் மடிப்பு நிமிரும். வால்வு மேல இருக்கற நட்டை ரிம்மோட சேர்த்து முறுக்காதீங்க, மூடி பக்கமா ஏத்தி வைங்க. டயர் ரிம்முல நகர்ந்தா வால்வு சாயும், பார்த்ததும் தெரிஞ்சுடும். நட்டு இறுகியிருந்தா சாயாது, அடியில கிழியும்.

பின்னாடி டியூப்லெஸ். ரப்பர் வால்வை டயரோட சேர்த்து மாத்தியே ஆகணும். அதுவும் ஒன்பது வயசு ரப்பர்தானே. அதை ஒரு பக்கமா வளைச்சு அடிப்பக்கம் பாருங்க, பாதிப் பேருக்கு அங்கதான் வெடிப்பு இருக்கும். ரிம்முல டயர் உட்கார்ற இடத்துல துரு, பழைய ரப்பர் எதுவும் இல்லாமச் சுரண்டித் துடைக்கணும். சோப்புத் தண்ணி தடவி, வால்வு முள்ளைக் கழட்டிட்டுக் காத்து விட்டா வேகமா ஏறி ரெண்டு தடவை டப்பு டப்புன்னு உட்காரும். உட்கார வைக்க எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு பெரும்பாலான டயர்ல எழுதியிருக்கும், வழக்கமா 40 பி.எஸ்.ஐ. (பவுண்டு). அதுக்குள்ள உட்காரலன்னா இறக்கிட்டு மறுபடி சோப்பு போடணும். "இன்னும் பத்து ஏத்திப் பார்ப்போம்"னா டயரோட ரிம் ஓரத்துல இருக்கற கம்பி அறுந்து முகத்துல அடிக்கும். உட்கார்ந்த பிறகு ரிம் விளிம்பை ஒட்டி டயர்ல ஓடற மெல்லிய கோடு சுத்தி வர ஒரே இடைவெளியில தெரியணும். ஒரு பக்கம் மறைஞ்சு ஒரு பக்கம் வெளிய இருந்தா சரியா உட்காரல.

அம்புக்குறி சக்கரம் சுத்தற திசையைப் பார்க்கணும். மஞ்சள் புள்ளி இருந்தா அது டயரோட எடை குறைஞ்ச இடம், வால்வுக்கு நேரா வரணும்.

சக்கரத்தை மாட்டும்போதுதான் அதிகம் தப்பு நடக்குது. முன்னாடி டிஸ்க்னா, சக்கரம் வெளிய இருக்கும்போது யாரும் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது, பிஸ்டன் தள்ளிக்கிட்டு வெளிய வந்துடும். பின்னாடி டிரம்னா, பிரேக் தகட்டைப் பிடிச்சிருக்கற கம்பியோட நட்டும் அதுல குத்தற பின்னும் திரும்ப வந்துடுச்சான்னு கண்ணால பாருங்க. அது கழண்டா பிரேக் அடிச்சதும் தகடே சுத்தி, சக்கரம் பூட்டிக்கும். ஆக்சிலோட ரெண்டு பக்க புஷ் அளவு வேறயா இருக்கும், இடம் மாறக் கூடாது. ஸ்பீடோமீட்டர் பல்லு சரியா மாட்டலன்னா அதுவே நசுங்கிடும். சக்கரம் கையில இருக்கும்போதே பேரிங்குக்குள்ள விரல் விட்டுச் சுத்திப் பாருங்க, கரகரன்னா இப்பவே மாத்திடலாம். பின் சக்கரத்துக்குள்ள செயின் இழுக்கற அதிர்வைத் தாங்கற கட்டை ரப்பரையும் பாருங்க. கடைசியா ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல இருக்கான்னு பார்த்து செயினைச் சரி பண்ணி, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்ச்சால (முறுக்கு அளவைக் காட்டற ஸ்பானர்) கையேட்டுல போட்ட அளவுக்கு முறுக்கணும்.

---

தேய்மானக்கணக்கு:

அண்ணன் விட்ட ஒண்ணு: கிளம்பறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே ரெண்டு பிரேக்கையும் நாலஞ்சு தடவை அழுத்திப் பாருங்க. டிஸ்க் பேடு விலகியிருந்தா முதல் அழுத்தத்துல பிரேக் இருக்காது.

புது டயர் அச்சுல இருந்து வந்த வழவழப்போட இருக்கும். முதல் 150 கி.மீ. வரைக்கும் பிரேக்கும் சாய்வும் அளவா இருக்கட்டும், சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்க. ஹேண்டில் லேசா, சட்டுன்னு திரும்பற மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், நடுவுல தட்டையாத் தேஞ்ச டயருக்குக் கை பழகிப்போனதுதான் காரணம். மறுநாள் காலையில ஒரு தடவை காத்து அளந்துடுங்க, வால்வு கசிஞ்சா அப்ப தெரிஞ்சுடும்.

டயர் பாலிஷ் அடிக்காதீங்க. பெட்ரோலியக் கரைப்பான் கலந்தது அந்த மெழுகுப் போர்வையைக் கரைச்சுடும், பட்டன் மேல பட்டா வழுக்கும். தண்ணியும் மென்மையான சோப்பும் போதும். மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா சென்டர் ஸ்டாண்டுல, நிழல்ல, காத்து முழுசா வச்சு நிறுத்துங்க. வெல்டிங் மெஷின், மின்மோட்டார் ஓடற இடம் பக்கம் வேண்டாம், அங்கதான் ஓசோன் உருவாகும்.

---

ரப்பர்மணி:

ஒன்பது வயது வண்டி என்பதால் ஒன்று கேட்கிறேன். முன் டிஸ்க் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) எப்போது மாற்றியது? அதுவும் ரப்பர்தான். பல வண்டிக் கையேடுகளில் பிரேக் ஆயில் இரண்டு வருடம், ஹோஸ் நான்கு வருடம் என்று போட்டிருக்கும்.

---

ஞாயிறுசவாரி:

ஹோஸ் ஒரு தடவைகூட மாத்தினதில்ல, ஆயிலும் ஒரே தடவைதான். அதையும் சேர்த்துச் செஞ்சுடறேன். பழைய டயரைக் கடையிலயே விட்டுடலாமா? பட்டன் இருக்கேன்னு கேட்கறாங்க.

---

ஆக்சில்நட்:

சும்மா விட்டா நாளைக்கு அது இன்னொருத்தர் வண்டியில ஏறும். கொடுக்கறதுக்கு முன்னாடி சைடுவால்ல ரெண்டு இடத்துல கத்தியால ஆழமாக் கிழிச்சுட்டுக் கொடுங்க. ரிம் ஓரத்துல கம்பி இருக்கு, அங்க வெட்டப் பார்த்துக் கையைக் கிழிச்சுக்காதீங்க.